மாடிப்படி, கதவு, விளக்கு

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, மூலையில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு, மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. எட்டிப் பார்த்த மனைவி, "எந்த மனையில் கட்டப்போகிறீர்கள்?" என்றார். ஏதென்ஸில் என்றேன். கட்டி, குடியிருந்து, இடிந்தும் போய்விட்டது, சுமார் 2400 ஆண்டுகள் ஆகின்றன என்றேன். ஓய்வு பெற்றதிலிருந்து நான் இப்படி எதையாவது கிண்டிக்கொண்டிருப்பது பழகிவிட்டதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

பண்டைய கிரேக்கர்கள் என்றதும் நமக்குப் பளிங்குத் தூண்களும் தாடி வைத்த தத்துவ ஞானிகளும் நினைவுக்கு வருகிறார்கள். எனக்கு அவர்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த ஊரில் இரவில் குழந்தை அழுதால் யார் எழுந்தார்கள், விளக்கு அணைந்தால் எங்கே போனார்கள், அடுத்த வீட்டுக்கு என்னென்ன சத்தம் கேட்டது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இவற்றைத் தத்துவ ஞானி எழுதுவதில்லை. எழுதி வைத்தது ஒரு கொலை வழக்கு.

யூபிலேட்டஸ் என்பவர் ஏதென்ஸின் சாதாரணக் குடிமகன். பட்டணத்தில் வீடு, வெளியே வயல்காடு. கி.மு. 400-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தன் மனைவியோடு படுக்கையில் இருந்த எரட்டோஸ்தனீஸ் என்பவனைக் கொன்றுவிட்டார். (பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டவர் என்று பள்ளியில் படித்த எரட்டோஸ்தனீஸ் வேறு. அவர் பிறந்ததே இதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.) கொன்றதை யூபிலேட்டஸ் மறுக்கவில்லை. சட்டப்படிதான் கொன்றேன் என்கிறார். "கொன்றது உண்மை, ஆனால் குற்றமில்லை" என்று வாதிடுபவர்களை விசாரிக்க ஏதென்ஸில் டெல்பினியோன் என்று தனி மன்றமே இருந்தது. நடுவர்கள் 51 பேர். கொலைக் கறை படிந்தவனோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தால் தங்களுக்கும் தீட்டு ஒட்டும் என்று அஞ்சியதால், கொலை வழக்குகளைத் திறந்த வெளியில்தான் நடத்தினார்கள்.

வழக்கறிஞர் என்ற தொழில் அங்கே கிடையாது. வாதியும் பிரதிவாதியும் தாங்களே எழுந்து பேச வேண்டும். ஆனால் பேச்சைக் காசு கொடுத்து எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொள்ளலாம். யூபிலேட்டஸுக்கு எழுதிக் கொடுத்தவர் லிசியாஸ். இவர் தந்தை சிரக்யூஸிலிருந்து வந்து குடியேறியவர். குடும்பத்துக்குக் கேடயம் செய்யும் பட்டறை இருந்தது. கி.மு. 404-இல் முப்பது பேர் கொண்ட சர்வாதிகாரக் கும்பல் ஆட்சியைப் பிடித்தபோது, பணக்கார அயலார்களைக் குறிவைத்துச் சூறையாடியது. லிசியாஸின் அண்ணனுக்கு நஞ்சு கொடுத்துக் கொன்றார்கள். அண்ணியின் காதிலிருந்த பொன் தோட்டைக் கழற்றிக்கொண்டார்கள். 120 அடிமைகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். உயிர் தப்பிய லிசியாஸ், மக்களாட்சி திரும்பிய பிறகு பிறருக்காகப் பேச்சு எழுதினார். பேசப்போகிறவர் எந்த மாதிரி ஆள் என்று பார்த்து, அந்த ஆள் வாயில் வரக்கூடிய சொற்களை மட்டும் எழுதுவார். விவசாயிக்கு எழுதினால் விவசாயி பேசுவது போலவே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பேச்சு வீட்டுக் கதையாகவே தொடங்குகிறது. கல்யாணமான புதிதில் மனைவியை ரொம்பவும் நெருக்கவும் இல்லை, அவள் போக்கில் முழுக்க விட்டுவிடவும் இல்லை, முடிந்த மட்டும் கண்ணில் வைத்திருந்தேன் என்கிறார். குழந்தை பிறந்ததும் நம்பிக்கை வந்துவிட்டது, வீட்டுச் சாமான் அனைத்தையும் அவள் பொறுப்பில் விட்டேன் என்கிறார். பிறகு நடுவர்களிடம் ஒரு விவரம் சொல்கிறார்: என் வீடு சின்னது, இரண்டு தளம், மேலே பெண்கள் பகுதி, கீழே ஆண்கள் பகுதி, இரண்டும் ஒரே அளவு.

மூலத்தில் இருக்கும் சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'சின்ன வீடு' என்றுதான் வரும். இந்த வழக்கில் அந்தச் சொல்லை எழுதக் கை கூசியதால் 'வீடு சின்னது' என்று திருப்பிப் போட்டிருக்கிறேன்.

மேலே பெண்கள், கீழே ஆண்கள் என்ற அந்த ஏற்பாடு குழந்தை வந்ததும் தலைகீழானது. தாய்தான் பால் கொடுத்தாள். தண்ணீர் கீழே. குழந்தையைக் கழுவும்போதெல்லாம் அவள் படியில் இறங்கித் தவறி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, கணவர் மாடிக்குப் போனார், பெண்கள் கீழே வந்தார்கள். குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று, கணவரோடு படுத்திருந்த மனைவி இரவில் எழுந்து கீழே போய்க் குழந்தையோடு படுத்துக்கொள்வதும் வழக்கமாயிற்று.

இந்த இடத்தை நான் வெகுநாள் 'குழந்தையைக் குளிப்பாட்ட' என்றே படித்துக்கொண்டிருந்தேன். படத்தை வைத்து மனைவியிடம் விளக்கியபோது, "நடு இரவில் யாராவது பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவார்களா? கால் கழுவிவிடப் போயிருப்பாள்" என்றார். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கிரேக்கப் பெண்கள் வீட்டின் உள்ளே தனிப் பகுதியில் அடைந்து கிடந்தார்கள் என்று பாடநூல்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் ஒரு கைக்குழந்தையும் ஒரு செங்குத்தான படியும் சேர்ந்தால் அந்தப் 'பகுதி' மேலிருந்து கீழே இறங்கிவிடும். வடக்கே ஒலிந்தோஸ் என்ற ஊரை கி.மு. 348-இல் மாசிடோனிய மன்னன் பிலிப் அழித்தான். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆண்கள் விருந்துக்கூடம் எது என்று பார்த்தவுடன் தெரியும். சாய்ந்து உண்ணும் கட்டில்களை வரிசையாகப் போட வசதியாக அதன் வாசல் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும். ஆனால் 'பெண்கள் அறை' என்று சுட்டிக்காட்டும்படி ஓர் அறை அமையவில்லை. தறியில் பாவு நூலைத் தொங்கவிடக் கட்டும் மண் குண்டுகள் முற்றத்தருகிலும் அறைகளிலும் சிதறிக் கிடந்தன. வெளிச்சம் இருந்த இடத்தில் உட்கார்ந்து நெய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல் அடித்தளத்தின் மேல் பச்சைச் செங்கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் அவை. கதவை உடைப்பதைவிடச் சுவரைத் துளைப்பது சுலபம். அதனால் வீடு புகுந்து திருடுபவனுக்குக் கிரேக்கத்தில் பெயரே 'சுவர் தோண்டி'. பிற மொழிக்காரர்கள் இதற்கு அடிக்குறிப்பு போட்டு விளக்குகிறார்கள். கன்னம் வைப்பதும் கன்னக்கோலும் இருக்கும் மொழியில் அந்தச் சிரமம் இல்லை.

சரி, வெளியாள் உள்ளே வந்தது எப்படி? கன்னம் வைத்து வரவில்லை. யூபிலேட்டஸின் தாய் இறந்துபோனார். ஊர்வலத்தில் மருமகளும் நடந்தாள். அங்கேதான் எரட்டோஸ்தனீஸ் அவளைப் பார்த்தான். நல்ல குடும்பத்துப் பெண் அந்நியர் கண்ணில் படும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான், சாவும் திருவிழாவும். பிறகு அவன் கடைவீதிக்குப் போய்வரும் அடிமைப்பெண்ணைப் பிடித்துக்கொண்டான். சாமான் வாங்க வந்தவள் கையில் செய்தி போனது, பதில் வந்தது. இலையுதிர் காலத்தில் தெஸ்மோபோரியா என்று மூன்று நாள் விழா வரும். தெமேத்தர் தேவிக்குப் பெண்கள் மட்டும் கூடி எடுப்பது, நடுநாள் உபவாசம். கணவர் வயல்காட்டில் இருந்த சமயம், அந்த விழாவுக்கு மனைவி யாரோடு போனாள் தெரியுமா? எரட்டோஸ்தனீஸின் தாயோடு! இந்த வரியைப் படித்தபோது சற்று நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கு எவ்வளவு தெரியும்?

ஒருநாள் யூபிலேட்டஸ் எதிர்பாராமல் ஊரிலிருந்து வந்துவிடுகிறார். இரவு உணவுக்குப் பிறகு குழந்தை வீறிடுகிறது. எரட்டோஸ்தனீஸ் வீட்டுக்குள் இருந்ததால் அடிமைப்பெண் வேண்டுமென்றே அதைச் சீண்டி அழவைத்தாள் என்பது பின்னால் தெரிய வருகிறது. "போய்ப் பால் கொடு" என்கிறார் கணவர். மனைவி போக மறுக்கிறாள், இத்தனை நாள் கழித்து உங்களைப் பார்த்த மகிழ்ச்சி என்பது போல. அவர் கோபப்பட்டதும், "ஆமாம், நான் போனால்தானே இங்கே அந்தப் பெண்ணிடம் உங்கள் வேலையைக் காட்டலாம். முன்பும் குடித்துவிட்டு அவளைப் பிடித்து இழுத்தவர்தானே" என்கிறாள். அவர் சிரிக்கிறார். அவள் எழுந்து போகிறாள், விளையாட்டாகக் கதவைச் சாத்துவது போல் சாத்தி, வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறாள். அவர் ஒன்றும் சந்தேகிக்காமல் உறங்கிவிடுகிறார்.

விடியும் வேளையில் கதவு திறக்கிறது. இரவில் கதவுகள் ஏன் சத்தம் போட்டன என்று கேட்கிறார். "குழந்தைக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு அணைந்துவிட்டது, அக்கம்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன்" என்கிறாள். எண்ணெய் ஊற்றிய மண் விளக்கு, தீக்குச்சி இல்லாத காலம், பக்கத்து வீட்டு நெருப்பு. இதைவிடச் சாதாரணமான பதில் இருக்க முடியாது, அதனால்தான் அதைச் சொன்னாள். அவர் நம்பினார். ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அவள் முகத்தில் வெண்பூச்சு இருந்தது போல் தெரிந்தது. அவளுடைய உடன்பிறந்தவன் இறந்து முப்பது நாள் ஆகவில்லை. அதற்கும் வாய் திறக்காமல் வெளியே போய்விட்டார்.

அந்தப் பூச்சு காரீயத்திலிருந்து எடுப்பது. ஜாடியில் புளித்த காடியை ஊற்றி, மேலே ஈயக்கட்டியை வைத்து மூடிவிடுவார்கள். பத்து நாள் கழித்துத் திறந்தால் ஈயத்தின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதைச் சுரண்டி அரைத்துக் காய்ச்சி எடுப்பார்கள். ஏதென்ஸின் கல்லறைகளில் பெண்களோடு புதைத்த சிமிழ்களில் இந்த வெள்ளை வில்லைகள் இன்றும் கிடைக்கின்றன. நஞ்சுதான். ஆனால் வெளிறிய முகம் என்றால் வெயிலில் வேலை செய்யத் தேவையில்லாத முகம் என்று பொருள். அதே காலத்தை வைத்து ஸெனபோன் எழுதிய ஓர் உரையாடலில் இஸ்கோமகஸ் என்ற கனவான் வருகிறார். பதினைந்து வயதுகூட நிரம்பாமல் வந்த மனைவி ஒருநாள் இந்த வெள்ளையைப் பூசி, உயரச் செருப்பு போட்டு எதிரே வந்து நிற்கிறாள். பூச்சை விட்டுவிட்டு மாவு பிசை, போர்வையை உதறி மடி, இயற்கையாகவே நிறம் வரும் என்று அவர் உபதேசம் செய்கிறார். எனக்கு யூபிலேட்டஸ் தேவலாம் என்று தோன்றியது, வாயை மூடிக்கொண்டு போனாரே.

அப்புறம் கதை வேகமாக ஓடுகிறது. எரட்டோஸ்தனீஸ் கைவிட்ட இன்னொரு பெண், ஆத்திரத்தில் ஒரு கிழவியை அனுப்பி யூபிலேட்டஸிடம் விஷயத்தைச் சொல்லவைக்கிறாள். அவர் அடிமைப்பெண்ணைக் கடைவீதிக்குப் போவோம் என்று கூப்பிட்டு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டில் ஒன்று என்கிறார்: சவுக்கடி பட்டு ஆயுள் முழுக்கத் திரிகையில் மாவரைப்பது, அல்லது உண்மையைச் சொல்லிவிட்டுத் தண்டனையின்றி இருப்பது. முதலில் மறுக்கிறாள். எரட்டோஸ்தனீஸ் பெயரை அவர் சொன்னதும் காலில் விழுகிறாள்.

அவளுக்கு என்ன விலை இருந்திருக்கும் என்று யோசித்தேன். கி.மு. 414-இல் ஒரு பெரிய அரசியல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களின் சொத்தை ஏலம் விட்டு, விவரத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதில் கெபிசோடோரஸ் என்பவரின் 16 அடிமைகள் வரிசையாக வருகிறார்கள். திராகியப் பெண் 165 திராக்மா. திராகியப் பெண் 135. சிரியா ஆண் 301. காரியா நாட்டுச் சிறு குழந்தை 72. யாருக்கும் பெயர் இல்லை, ஊர் மட்டும்தான். அதே காலத்தில் ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் கோயில் கட்டியவர்களுக்குக் கூலி நாளுக்கு ஒரு திராக்மா. ஒரு பெண்ணின் விலை ஏறக்குறைய அரை வருடக் கூலி.

நான்கைந்து நாள் கழித்து, வயலிலிருந்து திரும்பிய நண்பர் சொஸ்ட்ராடஸை அழைத்துவந்து மாடியில் சாப்பிடுகிறார் யூபிலேட்டஸ். நண்பர் போகிறார், இவர் உறங்குகிறார். எரட்டோஸ்தனீஸ் வந்ததும் அடிமைப்பெண் மேலே வந்து எழுப்புகிறாள். கதவைப் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, வீடு வீடாகப் போய் ஆள் திரட்டுகிறார். சிலர் ஊரில் இல்லை. பக்கத்துக் கடையில் பந்தம் வாங்கிக்கொள்கிறார்கள். முற்றத்துக் கதவு திறந்திருக்கிறது. அறைக் கதவைத் தள்ளுகிறார்கள். முதலில் நுழைந்தவர்கள் அவன் படுத்திருந்ததையும், பின்னால் வந்தவர்கள் அவன் கட்டிலில் அம்மணமாக நின்றதையும் பார்த்தார்களாம். அவனை அடித்து வீழ்த்திக் கையைப் பின்னால் கட்டுகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், கெஞ்சுகிறான், பணம் தருகிறேன் என்கிறான். "உன்னைக் கொல்வது நான் அல்ல, நகரத்தின் சட்டம்" என்று யூபிலேட்டஸ் பதில் சொல்லிக் கொல்கிறார்.

சட்டம் அனுமதித்தது உண்மை. மனைவி, தாய், சகோதரி, மகள், அடிமையல்லாத பிள்ளைகளைப் பெறுவதற்காக வைத்துக்கொண்ட துணைவி, இவர்களோடு பிடிபட்டவனைக் கொன்றால் குற்றமில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடும் வழியும் இருந்தது. அவமானப்படுத்தி அனுப்பவும் செய்தார்கள், அதில் முள்ளங்கிக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவர்களுடைய நகைச்சுவை நாடகங்கள் கேலி செய்கின்றன. பலாத்காரத்துக்கு இழப்பீடு, மனைவியை மயக்கியவனுக்கு மரணம், ஏன் இந்த வித்தியாசம் என்று யூபிலேட்டஸே விளக்குகிறார். மயக்குபவன் அவள் மனத்தையே மாற்றிவிடுகிறான், வீடு முழுவதும் அவன் கைக்குப் போகிறது, பிள்ளைகள் யாருடையவை என்பதே தெரியாமல் போகிறது. அந்தக் கடைசிக் காரணம்தான் ஆணிவேர். கி.மு. 451-இல் பெரிக்ளீஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. வாக்கு, நிலம், நடுவர் பதவி எல்லாம் படுக்கையறைக் கதவின் பின்னால் தீர்மானமாயின.

எனக்கு யூபிலேட்டஸ் மேல் முழு நம்பிக்கை இல்லை. தன்னை இவ்வளவு அப்பாவியாகக் காட்டிக்கொள்பவருக்குக் கதவின் கிரீச்சும் முகப்பூச்சும் இத்தனை துல்லியமாக நினைவிருக்கிறது. அந்த அப்பாவியை உருவாக்கியது லிசியாஸின் எழுத்தாணி என்பது என் எண்ணம். எதிர்த்தரப்பு வேறு கதை சொன்னது அவருடைய மறுப்பிலிருந்தே தெரிகிறது: அன்று அவனை அழைத்துவரச் சொல்லி அடிமைப்பெண்ணை அனுப்பியதே நீதான், அவனைத் தெருவிலிருந்து இழுத்துவந்தாய், அவன் உன் வீட்டு அடுப்படியில் அடைக்கலம் புகுந்திருந்தான். அடைக்கலம் புகுந்தவனைத் தொடுவது தெய்வக் குற்றம். நேரில் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள். ஆனால் அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும். அவளை விசாரணைக்குத் தருகிறேன் என்று பேச்சில் ஓர் இடத்திலும் அவர் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா, அவள் வாய்க்குப் பயந்தாரா?

தீர்ப்பு நமக்கு வந்து சேரவில்லை. மனைவிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சட்டம் சொல்கிறது. அவளோடு தொடர்ந்து வாழும் கணவன் குடிமகன் உரிமைகளை இழப்பான். பொதுக் கோயில்களில் அவள் நுழையக் கூடாது, அப்படியானால் தெஸ்மோபோரியாவும் இல்லை. நகை நட்டு, அலங்காரம் எதுவும் கூடாது. மீறினால் எதிர்ப்படும் எவரும் அவள் உடையைக் கிழிக்கலாம், அடிக்கலாம், கொல்லவும் ஊனப்படுத்தவும் மட்டும் கூடாது. முகத்தில் ஈயவெள்ளை இருந்தது போல் தெரிந்தது என்று கணவர் சொன்ன அந்த வரியை, இந்தச் சட்டத்தைப் படித்த பிறகு மீண்டும் போய்ப் படித்தேன்.

அவள் பெயர் பேச்சில் இல்லை. உயிரோடிருக்கும் குடும்பப் பெண்ணின் பெயரை மன்றத்தில் சொல்வது மரியாதையில்லை என்பது வழக்கம், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் சொல்வார்கள். அடிமைப்பெண்ணுக்கும் பெயர் இல்லை, அதற்கு மரியாதை காரணமில்லை. குழந்தையைக் குறிக்கும் சொல்கூட ஆணா பெண்ணா என்று காட்டாத சொல். எரட்டோஸ்தனீஸுக்குப் பெயர் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போன சொஸ்ட்ராடஸுக்கும் இருக்கிறது.

படத்தை முடித்து மனைவியிடம் காட்டினேன். கட்டில் இங்கே, விளக்கு இங்கே, பூட்டிய கதவு இது, அவன் நுழைந்த வழி இது. கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"அந்தப் பெண் எங்கே படுப்பாள்?"

"கீழே, குழந்தையோடு."

"மனைவியைக் கேட்கவில்லை. கடைக்குப் போய்வருகிறவளைக் கேட்கிறேன்."

பேச்சைத் திரும்பப் புரட்டினேன். கதவு, சாவி, பந்தம், கடை எல்லாம் வருகிறது. பென்சிலை எடுத்துப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு சிறு கட்டம் போட்டேன். அங்கே என்றால் கூரை இடிக்கும். அழித்துவிட்டுக் கிணற்றடியில் போட்டுப் பார்த்தேன். தாள் அந்த இடத்தில் கறுத்துப்போய்விட்டது.